ஜாகுவார் எக்ஸ்.ஜே.: ஒரு பழைய காரின் வரலாற்றைக் கண்டறியும் முறை

இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரிலுள்ள பிரவுன்ஸ் லேன் தொழிற்சாலை 1968 முதல் 1992 வரை மூன்று சீரிஸ்களாக வெளியிட்ட ஜாகுவார் எக்ஸ்.ஜே. சலூன்கள் (பின்னால் தனி டிக்கி கொண்ட, கூரை மூடிய பயணிகள் கார்கள்), தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு எல்லாம் ஒரே கார்போலத்தான் தெரியும். நிறுவனர் சர் வில்லியம் லயன்ஸ் தாமே முன்னின்று வடிவமைத்த கடைசி சலூன் அது என்பதாலோ என்னவோ, பின்னால் வந்தவர்கள் அந்த உருவத்தைக் கலைக்காமல் சிறிது சிறிதாகவே திருத்தினார்கள். ஆகவே ஒரு பழைய எக்ஸ்.ஜே.யின் வரலாற்றை அறிய விரும்புபவர் முதலில் காரைப் படிக்க வேண்டும். தாள்களைப் பிறகு பார்க்கலாம்.

காரின் முன்னால் நின்று பம்பரின் உயரத்தைக் கவனியுங்கள். 1968 செப்டம்பரில் அறிமுகமான சீரிஸ் 1 காரில் பம்பர் தாழ்ந்திருக்கும். கிரில், அதாவது முன்முகத்தில் காற்று நுழையும் கம்பித் தட்டி, அகலமாகவும் ஆழமாகவும் இருக்கும். அமெரிக்கப் பாதுகாப்பு விதிகளுக்காக 1973 இலையுதிர் காலத்தில் வந்த சீரிஸ் 2 காரில் பம்பரை மேலே உயர்த்தினார்கள். அதனால் கிரில் குறுகியது, காற்று நுழைய பம்பருக்குக் கீழே தனி வாய் அமைந்தது. பிறகு உள்ளே அமர்ந்து டேஷ்போர்டைப் பாருங்கள். சீரிஸ் 1 காரில் சிறு மீட்டர்கள் நடுவில் வரிசையாக இருக்கும். சீரிஸ் 2 காரில் மீட்டர்கள் எல்லாம் ஓட்டுநரின் கண்ணெதிரே வந்துவிட்டன. பம்பரையும் கிரிலையும் பிற்காலத்தில் மாற்றிப் பொருத்துவது எளிது என்பதால், இந்த உட்புற அடையாளத்தையே நான் அதிகம் நம்புவேன்.

1979இல் வந்த சீரிஸ் 3 காரை அடையாளம் காண மேற்கூரை ஒன்றே போதும். இத்தாலியின் பினின்ஃபரீனா நிறுவனம் கூரையைத் தட்டையாக்கி, கண்ணாடிப் பரப்பைக் கூட்டி, முன்கதவுகளில் இருந்த முக்கோணச் சிறு கண்ணாடிகளை நீக்கியது. கதவின் கைப்பிடிகள் தகட்டோடு தகடாகப் பதிந்திருக்கும். லயன்ஸின் வடிவத்தை வேறொருவர் தொட்டு அதன் அழகு குறையாமல் விட்டது அரிய செயல். மூன்றில் இதுவே மிகச் சிறந்தது என்பது என் உறுதியான எண்ணம். முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தொலைவும் உதவும். பின்னிருக்கைக்காரரின் காலுக்கு இடம் தர 4 அங்குலம் நீட்டப்பட்ட உடல் 1972 இறுதியில் வந்தது. சீரிஸ் 3 சலூன்கள் அனைத்தும் நீண்ட உடல் கொண்டவையே.

அடுத்துப் பார்க்க வேண்டியது இன்ஜின். 1948இல் எக்ஸ்.கே.120 ஸ்போர்ட்ஸ் காருடன் அறிமுகமான ஆறு சிலிண்டர் எக்ஸ்.கே. இன்ஜினே தொடக்கத்தில் 2.8, 4.2 லிட்டர் அளவுகளில் பொருத்தப்பட்டது. 1972 ஜூலையில் பன்னிரண்டு சிலிண்டர் கொண்ட 5.3 லிட்டர் வி12 இன்ஜினும், 1975இல் 3.4 லிட்டர் இன்ஜினும் சேர்ந்தன. இவற்றுள் 2.8 லிட்டர் இன்ஜின் பிஸ்டனில் துளை விழும் கோளாறுக்குப் பெயர்பெற்றது. ஆகையால் 2.8 என்று பதிவான காரில் வேறு இன்ஜின் இருந்தால் உடனே மோசடி என்று முடிவு கட்டாதீர்கள். பழுதுபார்த்த வரலாறாகவும் அது இருக்கலாம். வி12 இன்ஜினில் 1981 முதல் எரிபொருளைச் சிக்கனமாக எரிக்கும் புதிய சிலிண்டர் தலை வந்தது. பின்புறம் காணப்படும் எச்.இ. என்ற எழுத்துகள் அதைக் குறிப்பவை.

பெயர்ப்பட்டை ஏமாற்றக்கூடும். 1960இல் ஜாகுவார் வாங்கிய டெய்ம்லர் நிறுவனத்தின் பெயரிலும் இதே கார் சாவரின், டபுள் சிக்ஸ் என்று விற்கப்பட்டது. கிரிலின் மேல்விளிம்பில் உள்ள வரிப்பள்ளங்களே டெய்ம்லரின் அடையாளம். ஆனால் 1983இல் சாவரின் என்ற பெயர் ஜாகுவாருக்கு மாறியது. எனவே பெயரை மட்டும் படித்து நிறுவனத்தை முடிவு செய்யக் கூடாது.

பிரிட்டனில் பதிவான காரானால் அடுத்து நம்பர் பிளேட்டின் கடைசி எழுத்தைப் பாருங்கள். ஜி என்பது 1968 ஆகஸ்ட் முதல் 1969 ஜூலை வரையும், எம் என்பது 1973 ஆகஸ்ட் முதல் 1974 ஜூலை வரையும் பதிவானதைக் காட்டும். 1983 ஆகஸ்ட் முதல் ஆண்டெழுத்து எண்ணின் முன்பக்கம் சென்றுவிட்டது. எனினும் இது பதிவான காலமே தவிரத் தயாரான காலமன்று. மேலும் ஒரு காரின் எண்ணை இன்னொரு காருக்கு மாற்ற அந்நாட்டுச் சட்டம் அனுமதிக்கிறது. காரை அதன் உண்மையான வயதைவிடப் புதியதாகக் காட்டும் எண்ணைப் பொருத்துவதுதான் தடைசெய்யப்பட்டது. பழையதாகக் காட்டும் எண்ணுக்குத் தடையில்லை. ஆகவே எழுத்தும் உடலும் முரண்பட்டால் உடலையே நம்புங்கள்.

பிரிட்டனில் கார்களுக்கு ஆண்டுதோறும் நடக்கும் தகுதிச் சோதனையின் 2005 முதலான முடிவுகளை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம்; ஒவ்வொரு சோதனையிலும் குறித்த மைல் கணக்கு அதில் இருக்கும். பெரிய மாற்றங்கள் செய்யப்படாத, 40 ஆண்டு கடந்த கார்களுக்கு 2018 மே முதல் இந்தச் சோதனை கட்டாயமில்லை என்பதால், அதற்குப் பிந்தைய இடைவெளியைக் குற்றமாகக் கருத வேண்டாம்.

இவ்வளவும் முடிந்தபின், தொழிற்சாலைப் பதிவேடுகளைப் பாதுகாத்துவரும் ஜாகுவார் டெய்ம்லர் ஹெரிட்டேஜ் டிரஸ்டிடம் கட்டணம் செலுத்தி, அந்தக் காருக்குரிய தயாரிப்புச் சான்றிதழைக் கேட்டுப் பெறுங்கள். சேஸிஸ் எண், இன்ஜின் எண், முதல் நிறம், உள்தோலின் நிறம் முதலியவை அதில் இருக்கும். சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டே எண்களைக் காரில் பொறித்தவற்றோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். நிறத்தை ஒப்பிட வெளித்தகட்டைப் பார்த்துப் பயனில்லை; டிக்கியின் விரிப்பைத் தூக்கியும், கதவின் உட்பலகையைக் கழற்றியும், மறுபூச்சு எட்டாத மூலைகளில் தேடுங்கள்.