ஏற்காட்டு ஈரமும் மக்கர் செய்யும் கீபோர்டும்

மூடுபனி மாதங்களில் ஏற்காட்டில் கீபோர்டு மக்கர் செய்தால், உடனே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சேலத்துக்கு இறங்க வேண்டாம். யு, ஐ, ஓ அடித்தால் 4, 5, 6 விழுகிறதா? எழுத்து கீக்களில் சிலவற்றை எண்களாக மாற்றும் நம் லாக் (Num Lock) கீ ஆன் ஆகியிருக்கும். அதை ஒருமுறை அமுக்குங்கள், சில மாடல்களில் எஃப்என் (Fn) கீயோடு சேர்த்து. எழுத்து தாமதமாக விழுந்தால் காரணம் ஃபில்டர் கீஸ் (Filter Keys), அதாவது சட்டென்று தட்டும் கீயைக் கண்டுகொள்ளாமல் விடும் வசதி. விண்டோஸில் வலது ஷிஃப்டை 8 விநாடி அமுக்கியபடி இருந்தாலே அது முளைத்துவிடும். செட்டிங்ஸ், அக்சஸிபிலிட்டி, கீபோர்டு போய் ஆஃப் செய்யுங்கள்.

சில கீ மட்டும் செத்திருந்தால் முதலில் வேறொரு யூஎஸ்பி கீபோர்டைச் செருகிப் பாருங்கள். அதில் எல்லாம் சரியாக விழுந்தால் கோளாறு உங்கள் கீபோர்டில்தான், பெரும்பாலும் ஈரம். கீக்களுக்கு அடியில் பிளாஸ்டிக் ஷீட்டில் ஓடும் மெல்லிய மின்கோடுகளை ஈரம் அரிக்கும். ஒரு கோடு அறுந்தால் அதில் இருக்கும் பல கீ ஒரேயடியாகப் போகும். அதற்கு கீபோர்டை மாற்றுவதுதான் வழி.

ஒட்டிக்கொள்ளும் கீ என்றால் பவரை அணைத்து, பஞ்சுக்குச்சியில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டு ஓரங்களைத் துடையுங்கள். குச்சி நனைந்தால் போதும், சொட்டக் கூடாது. ஹேர் டிரையர் மட்டும் வேண்டாம், சூட்டில் கீ வளைந்துவிடும்.