கார் கிளம்பவில்லையா? பேட்டரியை மாற்றுவதற்கு முன்

சாவியைத் திருப்பியும் இன்ஜின் கிளம்பாதபோது பெரும்பாலோர் வாயில் முதலில் வருவது "பேட்டரி போய்விட்டது" என்பதுதான். பல நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் பேட்டரியில் சார்ஜ் இறங்கியிருப்பது வேறு, பேட்டரியே பழுதாகியிருப்பது வேறு, நல்ல பேட்டரியிலிருந்து மின்சாரம், இன்ஜினைச் சுற்றிக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் போய்ச் சேராமல் இருப்பது வேறு. இதைப் பிரித்துப் பார்க்காமல் நான் ஒருமுறை புதுப் பேட்டரி வாங்கிப் பொருத்தினேன். இரண்டே வாரத்தில் அதே கோளாறு திரும்பி வந்தது. இன்ஜினையும் காரின் உடலையும் இணைக்கும் எர்த் கம்பியின் முனை துருவேறித் தளர்ந்திருந்தது. ஒரு ஸ்பேனரும் உப்புத்தாளும் போதுமாயிருந்த வேலை அது.

முதலில் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். சாவியைத் திருப்பும்போது "டக டக டக" என்று விரைவாகத் தொடர்ந்து ஒலித்தால், ஸ்டார்ட்டரின் சோலினாய்டு (மின்காந்த சுவிட்ச்) இழுபட்டவுடன் வோல்டேஜ் சரிந்து அது விடுபடுகிறது, விடுபட்டதும் வோல்டேஜ் ஏறி மறுபடி இழுபடுகிறது என்று பொருள். சார்ஜ் குறைவு அல்லது தளர்ந்த இணைப்பு இதற்குக் காரணம். ஒரே ஒரு "டக்" மட்டும் கேட்டு அடங்கிவிட்டால் ஸ்டார்ட்டர் மோட்டாரையும் அதற்குப் போகும் தடித்த கம்பியையும் சந்தேகிக்கலாம். இன்ஜின் வழக்கமான வேகத்தில் சுற்றியும் பற்றிக்கொள்ளவில்லை என்றால் பேட்டரியைக் குறை சொல்வதில் பயனில்லை. எரிபொருள் வருகிறதா, தீப்பொறி கிடைக்கிறதா, டேஷ்போர்டில் திருட்டுத் தடுப்பு விளக்கு மின்னுகிறதா என்று பார்க்க வேண்டும். எந்த ஒலியுமே இல்லாவிட்டால், ஆட்டோமேட்டிக் காரில் கியரை நியூட்ரலுக்கு மாற்றியும், கிளட்ச் உள்ள காரில் அதை முழுவதும் அழுத்தியும் ஒருமுறை முயன்று பாருங்கள்.

அடுத்து ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். பிரகாசமாக எரிந்த விளக்கு அப்படியே மங்கி அணையப் போனால் மின்சாரம் போதவில்லை. விளக்கு சற்றும் மங்காமல் எரிய, ஸ்டார்ட்டர் அசையாமல் இருந்தால், மின்சாரம் அதுவரை போகவே இல்லை. ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சிறு சுவிட்ச்), சாவி சுவிட்ச் அல்லது ஸ்டார்ட்டரில்தான் கோளாறு.

இதற்கு மேல் ஊகிப்பதைவிட அளந்து பார்ப்பதே நல்லது. சாதாரண மல்டிமீட்டர் ஒன்றை வீட்டில் வைத்திருங்கள் என்று கார் வைத்திருக்கும் எல்லோரிடமும் சொல்வேன். கார் சில மணி நேரம் நின்ற பிறகு பேட்டரியின் இரு முனைகளிலும் அளந்தால், முழு சார்ஜ் உள்ள 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும், 12.2 என்றால் பாதி அளவுதான் மிச்சம். 12-க்குக் கீழே போனால் ஏறக்குறைய காலி. ஆனால் இந்த எண் மட்டும் பேட்டரியின் உடல்நிலையைச் சொல்லிவிடாது. இன்னொருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு மீட்டரைக் கவனியுங்கள்: 12.6 காட்டிய பேட்டரி இன்ஜினைச் சுற்றும்போது 9.6-க்கும் கீழே விழுந்தால், அதற்கு வலு போய்விட்டது என்று பெரும்பாலும் முடிவு செய்யலாம்.

டெர்மினல்களை, அதாவது பேட்டரியின் முனைகளை, நெருங்கிப் பார்ப்பதுதான் பலர் தவறவிடும் வேலை. ஈய முனையைச் சுற்றி வெண்மையாகவோ நீலப்பச்சையாகவோ பொடி பூத்திருக்கிறதா என்று பாருங்கள். முனையைப் பிடித்திருக்கும் கவ்வியைக் கையால் திருகிப் பாருங்கள், சிறிதும் அசையக் கூடாது. வெளியே பளிச்சென்று இருந்தாலும் கவ்வியின் உட்புறம் கறுத்திருக்கக்கூடும். இதையும் மீட்டரால் பிடிக்கலாம்: மீட்டர் கம்பிகளில் ஒன்றின் நுனியை ஈய முனையின் மீதும் மற்றதை அதைப் பிடித்திருக்கும் கவ்வியின் மீதும் வைத்துச் சாவியைத் திருப்பச் செய்தால், நல்ல இணைப்பில் பூஜ்யத்தை ஒட்டியே காட்டும், அரை வோல்ட் காட்டினால் மின்சாரம் அந்த இடத்திலேயே தடைபடுகிறது. இதே போல் நெகட்டிவ் முனைக்கும் இன்ஜினின் வண்ணம் பூசாத உலோகப் பகுதிக்கும் இடையே அளந்தால் எர்த் கம்பியின் குறை தெரிந்துவிடும். நான் முதலிலேயே செய்திருக்க வேண்டிய சோதனை இதுதான்.

சுத்தம் செய்யும்போது நெகட்டிவ் கவ்வியை முதலில் கழற்றி, திரும்பப் பொருத்தும்போது அதைக் கடைசியில் மாட்ட வேண்டும். நெகட்டிவ் இணைந்திருக்கும்போது பாசிட்டிவ் நட்டில் இருக்கும் ஸ்பேனர் காரின் உடலைத் தொட்டால் பெரும் பொறி பறக்கும். பொடி அமிலத்தன்மை உடையது என்பதால் கையுறையும் கண்ணாடியும் அணிந்து, சமையல் சோடா கரைத்த நீரால் கழுவி, நன்றாக உலர்த்தி, முனையையும் கவ்வியின் உட்புறத்தையும் கம்பித் தூரிகையால் பளபளப்பாகும் வரை தேய்த்துவிடுங்கள்.

வேறொரு காரின் துணையோடு கிளப்புவதாக இருந்தால், கறுப்புக் கேபிளின் கடைசி முனையைச் சார்ஜ் இறங்கிய பேட்டரியில் மாட்டாமல், அந்தக் காரின் இன்ஜினில் உள்ள உலோகப் பகுதியில் மாட்டுங்கள். பேட்டரியிலிருந்து வெளிவரும் ஹைட்ரஜன் வாயு ஒரு பொறியில் வெடிக்கக்கூடியது.

கிளம்பிய பிறகு மீண்டும் அளந்து பாருங்கள். இன்ஜின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும், 12.5-லேயே நின்றுகொண்டு டேஷ்போர்டில் பேட்டரி விளக்கும் எரிந்தால், பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரையோ அதைச் சுழற்றும் பெல்ட்டையோ பார்க்கச் சொல்லுங்கள். ஓடும்போது அளவு சரியாக இருந்தும் இரண்டு நாள் நிறுத்தினால் சார்ஜ் இறங்குகிறது என்றால், அடைத்தும் அணையாத டிக்கி விளக்கு, பிற்பாடு பொருத்திய கேமரா, ஆடியோ கருவி ஆகியவற்றை ஒவ்வொன்றாகத் துண்டித்துப் பார்த்த பின்பே பேட்டரிக் கடைக்குப் போங்கள்.