வெள்ளி நகைப் பட்டறைக்குப் போகும் முன்

பினாங்கு ஈரக்காற்றில் அரமும் ரம்பப் பிளேடும் சீக்கிரம் துருப்பிடிக்கும், அதனால் லேசாக எண்ணெய் தடவி, துணியில் சுற்றி எடுத்து வாருங்கள். 2/0 அளவு (மெல்லிய பல்) ரம்பப் பிளேடு ஒரு டஜனாவது வேண்டும். புதியவர் கையில் ஒடிவது சகஜம். 925 வெள்ளி என்றால் 92.5 விழுக்காடு வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு. முதல் முறை என்றால் செம்புத் தகட்டிலேயே பழகுங்கள், காசு மிச்சம்.

பற்றாசு (துண்டுகளை ஒட்டவைக்க உருக்கும் உலோகம்), வெங்காரம் (பற்றாசு நன்றாக ஓட உதவும் பொடி) இரண்டும் கொண்டு வந்தால் சரி, ஆனால் பற்றவைத்த நகையை, கறை நீக்கும் சூடான சிட்ரிக் அமிலக் கரைசலிலிருந்து எடுக்க இரும்புச் சாமணம் ஆகவே ஆகாது, கரைசலில் இருக்கும் செம்பு வெள்ளிமேல் படிந்து இளஞ்சிவப்பாகிவிடும், ஒரு மோதிரத்தை நான் அப்படித்தான் கெடுத்தேன். செம்பு அல்லது மூங்கில் சாமணம் போதும்.

அப்புறம், நைலான் சட்டை வேண்டாம், பருத்தி போடுங்கள். சிலிப்பரோடு வந்தால் பற்றவைக்கும் தீ டார்ச் பக்கமே வராதீர்கள்.