அருபாவின் கோஞ்சி குளமும் குகைகளும்: புதியவர்கள் செய்யும் தவறுகள்

தண்ணீர், தொப்பி, நல்ல செருப்பு பற்றி இங்கே பேசப்போவதில்லை. அதையெல்லாம் மறக்காமல் கொண்டுவருகிறவர்கள்தான் கரீபியன் தீவான அருபாவில், கோஞ்சி குளமும் குகைகளும் இருக்கும் அரிகோக் தேசியப் பூங்காவுக்குள் நுழைந்ததும் கீழ்க்கண்ட தவறுகளைச் செய்கிறார்கள்.

அலையைப் பார்க்காமல் குளத்தில் இறங்குவது

அருபா மக்கள் பேசும் பப்பியமென்டோ மொழியில் கோஞ்சி என்றால் கிண்ணம். எரிமலைப் பாறைகள் கடலை வளைத்துப் பிடித்த இயற்கைக் குளம் அது. அருபாவில் பயணிகள் பெரும்பாலும் தங்குவது மேற்குக் கரையில். அங்கே ஈகிள் பீச்சில் கடல் ஏரிபோல் கிடக்கும், ஏனென்றால் கிழக்கிலிருந்து ஆண்டு முழுக்க வீசும் வியாபாரக் காற்றைத் தீவே மறைத்துவிடுகிறது. கோஞ்சி இருப்பதோ வடகிழக்கில், அந்தக் காற்றுக்கு நேர் எதிரே. காலையில் ஹோட்டல் வாசலில் பார்த்த கடலை மனதில் வைத்துக்கொண்டு இங்கே வருவதில்தான் கோளாறு ஆரம்பிக்கிறது.

பெரிய அலைகள் கூட்டமாக வரும். நடுநடுவே சில நிமிடம் கடல் ஓய்ந்திருக்கும். அந்த ஓய்வில் வந்து சேர்கிறவர்கள், "தண்ணி அமைதியாத்தானே இருக்கு" என்று குதித்துவிடுகிறார்கள். அடுத்த கூட்டம் வந்து விளிம்பைத் தாண்டிக் கொட்டியதும் குளத்தின் மட்டம் ஏறும். ஏறிய தண்ணீர் பாறை இடுக்குகள் வழியே கடலுக்குத் திரும்பும்போது ஆளையும் இழுக்கும். கடல் பக்கப் பாறையில் சாய்ந்திருப்பவர்தான் முதலில் மாட்டுவார். அதைவிட மோசம், போட்டோவுக்காக அந்த விளிம்பின்மேல் ஏறிக் கடலுக்கு முதுகைக் காட்டி நிற்பது. பாசி படிந்த பாறையில் முழங்கால் உயரத் தண்ணீர் மோதினாலே கால் நிற்காது. பிடித்துக்கொள்ளப் போனால் கூரான பாறை உள்ளங்கையைக் கிழித்துவிடும்.

செய்ய வேண்டியது எளிது. இறங்குமுன் கரையில் உயரமான இடத்தில் கடிகாரத்தைப் பார்த்து 20 நிமிடம் உட்காருங்கள். அதற்குள் ஒரே ஒரு அலை வெள்ளைச் சுவராக விளிம்பைத் தாண்டி விழுந்தாலும் அன்றைக்குக் குளியல் கிடையாது. விழவில்லை என்றால், கடலை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க ஒருவரைக் கரையில் நிறுத்திவிட்டு இறங்குங்கள். தடித்த அடிப்பாகமுள்ள வாட்டர் ஷூ போடுங்கள். கரைப் பக்கமே இருங்கள். அலை உள்ளே வந்தால் பாறையைப் பிடிக்காமல், பாறைச் சுவரிலிருந்து விலகி மிதந்துகொண்டிருங்கள். அது அடங்கியதும், இறங்கிய வழியிலேயே ஏறுங்கள்.

இதெல்லாம் தெரிந்தும் இறங்குகிறவர்கள் சொல்லும் காரணம் ஒன்றுதான்: "இவ்வளவு தூரம் வந்துட்டோமே." பொறுத்துக்கொள்ளவே முடியாத காரணம் இது. நீங்கள் எவ்வளவு தூரம் வந்தீர்கள் என்பதைப் பார்த்து அலை அடங்காது.

போகா பிரின்ஸ், டோஸ் பிளாயா கடற்கரைகளில் நீந்துவது

வேண்டாம். நீரோட்டம் கடுமை.

சாதாரண காரில் கோஞ்சிக்குக் கிளம்புவது

நான்கு சக்கர இழுவை உள்ள வண்டி வேண்டும். கரடுமுரடான பாதையில் சேதமானால் காப்பீடு உண்டா என்று வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் படியுங்கள்.

ஃபோன்டெய்ன் குகையில் கூரையைத் தொடுவது

தீவின் பூர்வகுடிகள் செம்பழுப்பு நிறத்தில் வரைந்த ஓவியங்கள் கூரையில் இருக்கின்றன. கூரை தாழ்வு. நிமிரும்போது தலை இடிக்காமலிருக்கக் கை தானாக மேலே போகும். கையிலுள்ள எண்ணெய்ப் பசையும் சன்ஸ்கிரீனும் சுண்ணாம்புக் கல்லில் ஊறிவிட்டால் எடுக்க முடியாது. முன்விளிம்புள்ள தொப்பி கூரையை மறைக்கும், வாசலிலேயே கழற்றுங்கள். கைகளை முழங்காலில் ஊன்றிக் குனிந்து நடந்தால் மேலே போகாது.

குவாதிரிகிரி குகையில் மேலே வெளிச்சம் அடிப்பது

கூரைத் துளைகள் வழியே அறைகளுக்குள் வெயில் விழும். அதற்கப்பால் இருட்டு, அங்கே வௌவால்கள். இத்தீவில் கள்ளிப் பூக்களின் மகரந்தத்தைச் சுமப்பவை இவை. வெளிச்சமும் கூச்சலும் பட்டால் சிதறிப் பறக்கும். குட்டியோடு இருப்பவை குட்டியைத் தவறவிடவும் கூடும். தலைவிளக்கைக் காலடிக்கு மட்டும் திருப்புங்கள், மாற்று விளக்கு ஒன்று கையிலிருக்கட்டும். செல்போன் டார்ச் போதாது. தரையைத் தேய்த்து நடக்காதீர்கள்: காய்ந்த எச்சத்தின் தூசியில் நுரையீரலைத் தாக்கும் பூஞ்சை இருக்கலாம்.

பாறை இடுக்கில் கை விடுவது

காஸ்கபெல் என்ற விஷமுள்ள கிலுகிலுப்பைப் பாம்பு அருபாவில் மட்டுமே வாழ்வது. பகல் வெயிலுக்கு அது ஒதுங்குவதும் இதுபோன்ற நிழலில்தான்.