முதல் முறை நிதி திரட்டுகிறீர்களா? கேட்பதில் தொடங்கி ரசீது வரை

பிறந்தநாளுக்குப் பரிசு வேண்டாம், அந்தக் காசை ஒரு தொண்டு நிறுவனத்துக்குக் கொடுங்கள் என்று கேட்பதும், மாரத்தான் ஓடுவதை முன்வைத்து நிதி திரட்டுவதும் இப்போது நம் ஊரிலும் சகஜமாகிவிட்டது. மிலாப், கெட்டோ போன்ற தளங்களில் ஒரு பக்கம் தொடங்கப் பத்து நிமிஷம் போதும். அப்புறம்தான் சிக்கல். பெரும்பாலானவர்கள் ஸ்டேட்டஸில் லிங்க்கைப் போட்டுவிட்டுக் காத்திருப்பார்கள். கைகூப்பும் எமோஜி நிறைய வரும், காசு வராது. தனித்தனியாக, பெயர் சொல்லி, தொகை சொல்லிக் கேட்டால்தான் வரும். மற்ற எல்லாமே அதற்கான ஏற்பாடுதான்.

ஒரு உதாரணத்தை வைத்துக்கொண்டே போவோம். அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு ஒரு லட்சம் ரூபாய் சேர்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் 12 படுக்கைகளோடு தொடங்கிய இடம் அது. அவரும் அந்தக் காலத்தில் ஆளாளிடம் கேட்டுத்தான் பணம் சேர்த்தார்.

படி 1: முதலில் நிறுவனத்தோடு பேசுங்கள்

அவர்களுக்குத் தெரியாமல் அவர்கள் பெயரில் வசூல் தொடங்காதீர்கள். நன்கொடைப் பிரிவுக்கு ஒரு போன் போடுங்கள், கூடவே ஒரு மின்னஞ்சலும் அனுப்புங்கள். கேட்க வேண்டியவை: 80ஜி (கொடுப்பவருக்கு வருமான வரிச் சலுகை தரும் பிரிவு) பதிவு எண் என்ன, எந்த ஆண்டு வரை செல்லும்? என் பணத்தை ஒரு குறிப்பிட்ட செலவுக்கு ஒதுக்க முடியுமா? ஆயிரம் ரூபாயில் உங்களால் என்ன செய்ய முடியும்? இந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் பதில்தான் பிறகு உங்கள் வேண்டுகோளில் பாதி.

நோயாளிகளின் படம், முக்கியமாகக் குழந்தைகளின் படம், வேண்டவே வேண்டாம். அனுதாபத்துக்காக ஒருவர் முகத்தைக் கடைபரப்பும் உரிமை நமக்கில்லை. கட்டடத்தின் படம் போதும், உங்கள் படம் இன்னும் நல்லது.

படி 2: பணம் உங்கள் கணக்குக்கு வரக்கூடாது

"என் நம்பருக்கு ஜிபே பண்ணுங்க, நான் மொத்தமா கட்டிடறேன்" என்பது சுலபமாகத் தெரியும். செய்யாதீர்கள். உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் சும்மா வரும் பணம், முழுத் தொகையுமே, உங்கள் வருமானமாகக் கணக்கிடப்பட இடமுண்டு. கொடுத்தவர்களுக்கும் அவர்கள் பெயரில் ரசீது கிடைக்காது. இதையெல்லாம் விட, "அவன் எவ்வளவு எடுத்தானோ" என்று ஒரே ஒருவர் சொன்னால் போதும், கதை முடிந்தது.

தளத்தில் பக்கம் தொடங்கும்போது, பணம் பெறுபவர் என்ற இடத்தில் நிறுவனத்தின் கணக்கே இருக்கிறதா என்று பாருங்கள். சில தளங்கள் கொடுப்பவரின் தொகையோடு 'டிப்' என்று தாமாகவே கொஞ்சம் சேர்த்துக் காட்டும். விருப்பமில்லாவிட்டால் அதைப் பூஜ்யமாக்கலாம் என்று உங்கள் ஆட்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தளமே வேண்டாம், நிறுவனத்தின் யுபிஐக்கு நேராக அனுப்பச் சொல்லலாம் என்றாலும் சரி. ஆனால் அலுவலகத்துக்கு அது யார் பணம் என்று தெரியாது. அனுப்பியவர் தன் பெயர், முகவரி, பான் எண், 12 இலக்கப் பரிவர்த்தனை எண் நான்கையும் அவர்களுக்கு மின்னஞ்சல் செய்ய வேண்டும்.

படி 3: ஒரு லட்சத்தை ஆட்களாக உடையுங்கள்

'ஒரு லட்சம்' என்று நினைத்தால் மலைப்பாக இருக்கும். இப்படி எழுதிப் பாருங்கள்: 10,000 கொடுப்பவர் 2 பேர், 5,000 கொடுப்பவர் 6 பேர், 2,000 கொடுப்பவர் 15 பேர், 1,000 கொடுப்பவர் 20 பேர். மொத்தம் 43 பேர், சரியாக ஒரு லட்சம். அந்த ஆறு ஐயாயிரத்தில் ஒன்று உங்களுடையது. கேட்பவர்களில் மூன்றில் ஒருவர் கொடுப்பார் என்று வைத்துக்கொண்டால், 130 பேரின் பெயர் வேண்டும்.

அவ்வளவு பேருக்கு எங்கே போவது என்று கேட்காதீர்கள். வீட்டில் மொய் நோட்டு இருக்கிறதல்லவா, அதை எடுங்கள். உங்கள் கல்யாணத்துக்கோ அக்கா கல்யாணத்துக்கோ யார் வந்தார்கள், எவ்வளவு எழுதினார்கள் என்று அதைவிடத் துல்லியமான பட்டியல் உலகத்தில் கிடையாது. ஐந்நூற்று ஒன்று எழுதியவரிடம் பத்தாயிரம் கேட்கக்கூடாது என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். அப்புறம் கல்லூரி வாட்ஸ்அப் குழு, பழைய அலுவலகத்து ஆட்கள், அடுக்ககத்துக்காரர்கள். உங்களுக்குக் கீழே வேலை பார்ப்பவர்களை மட்டும் சேர்க்காதீர்கள். மனமில்லாவிட்டாலும் அவர்களால் உங்களிடம் மறுக்க முடியாது.

மொய்ப் பழக்கத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் 80ஜி சலுகை கிடையாது. மங்களகரமாக 2,001 என்று கவரில் போட்டுக் கொடுக்கும் பெரியப்பாவுக்கு, அந்த ஒரு ரூபாயால் சலுகை முழுவதும் போய்விடும். காசோலையாகவோ யுபிஐயாகவோ வாங்குங்கள்.

படி 4: கேளுங்கள்

முதல் நன்கொடை உங்களுடையதாக இருக்கட்டும். அடுத்தது மிக நெருங்கிய பத்துப் பேர். பக்கத்தில் முப்பதாயிரமாவது ஏறிய பிறகுதான் ஸ்டேட்டஸ், முகநூல் எல்லாம். பூஜ்யத்தைக் காட்டும் பக்கத்தில் முதல் ஆளாகக் கை வைக்க யாருக்கும் தயக்கம்தான்.

செய்தி இப்படி இருக்கலாம்:

"சித்தப்பா, நல்லா இருக்கீங்களா? அடுத்த மாசம் எனக்கு முப்பது வயசு. இந்தத் தடவை பார்ட்டி எதுவும் வேண்டாம்னு இருக்கேன். அதுக்குப் பதிலா அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரிக்கு ஒரு லட்சம் சேர்த்துக் கொடுக்கலாம்னு ஆசை. அத்தைக்கு அங்கதானே வைத்தியம் பார்த்தோம். நான் அஞ்சாயிரம் போட்டுட்டேன். நீங்க ரெண்டாயிரம் கொடுக்க முடியுமா? பணம் நேரா ஆஸ்பத்திரி கணக்குக்கே போயிடும், ரசீது உங்க பேர்லயே வரும். இப்ப சௌகரியப்படலேன்னா பரவாயில்லை சித்தப்பா."

இதில் 'அத்தைக்கு' என்ற வரி சித்தப்பாவுக்கு மட்டுமானது. கல்லூரி நண்பனுக்கு எழுதும்போது அந்த இடத்தில் வேறு ஒன்று வர வேண்டும். ஒரே செய்தியை நகலெடுத்து 130 பேருக்கு அனுப்பினால் வாங்குகிறவருக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிடும். தொகையைச் சொல்லக் கூச்சப்படாதீர்கள். எவ்வளவு கொடுப்பது என்று தெரியாததாலேயே தள்ளிப்போட்டு மறந்துவிடுகிறவர்கள் உண்டு. குறைவாகக் கொடுத்தால் தப்பாக நினைப்பார்களோ என்ற சங்கடத்தை நீங்களே தீர்த்துவைக்கிறீர்கள். கடைசி வரியும் முக்கியம். மறுக்க வழி விட்டுக் கேட்டால் அடுத்த விசேஷத்தில் முகம் பார்த்துப் பேசலாம்.

அறுபது வயதைத் தாண்டியவர்களிடம் வாட்ஸ்அப் வேண்டாம், போனில் பேசுங்கள். பதில் வராதவர்களுக்கு ஒரு முறை நினைவூட்டலாம். இரண்டாவது முறை வேண்டாம். சில பெரிய கம்பெனிகள் ஊழியர் கொடுக்கும் நன்கொடைக்குச் சமமான தொகையைத் தாமும் போடும். உங்கள் மனிதவளப் பிரிவில் விசாரித்துவிடுங்கள்.

எப்போது தொடங்குவது? சம்பளம் வந்த முதல் வாரம். தீபாவளிக்கு முந்தைய வாரமும் பள்ளிக் கட்டணம் கட்டும் ஜூனும் ஆகாது. ஆண்டுதோறும் அக்டோபர் 2 முதல் 8 வரை நாடு முழுக்க நடக்கும் 'தான் உத்சவ்' என்ற கொடை விழா வாரம் தோதானது. மூன்று, நான்கு வாரங்களுக்கு மேல் இழுக்காதீர்கள்.

படி 5: வெளிநாட்டு உறவினர்கள்

இங்கே பாஸ்போர்ட்டைப் பார்க்க வேண்டும். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் தம்பி இந்தியக் குடியுரிமையோடு இருந்து, தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியே அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. டொராண்டோவில் கனடாக் குடியுரிமை வாங்கிவிட்ட மாமா அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடைதான், அவரிடம் ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரப்படுவது) இருந்தாலும்கூட. எஃப்சிஆர்ஏ எனும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் பதிவு உள்ள நிறுவனம்தான் அதை வாங்கலாம், அதுவும் டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் உள்ள தனிக் கணக்கில்தான். மாமா உங்கள் வழியாக அனுப்பி நீங்கள் கட்டுவது என்ற யோசனையே வேண்டாம்.

படி 6: முடிந்த பிறகு

பணம் வந்த அன்றே நன்றி சொல்லுங்கள், தனிச் செய்தியாக. குழுவில் பெயர் போட்டு நன்றி சொல்லலாம், தொகையைப் போடாதீர்கள். வசூல் முடிந்ததும் மொத்தம் எவ்வளவு, நிறுவனம் என்ன சொன்னது என்று எல்லோருக்கும் ஒரு பத்தி அனுப்புங்கள். இலக்கை எட்டாவிட்டாலும் அனுப்புங்கள்.

வரிச் சலுகைக்கு ரசீது மட்டும் போதாது. நிறுவனம் வருமான வரித் துறைக்குக் கணக்குக் கொடுத்து, அதிலிருந்து எடுக்கும் நன்கொடைச் சான்றிதழ் வேண்டும். 10பிஇ என்று கேட்டால் அலுவலகத்தில் புரியும். 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்கள் மாறினாலும் 80ஜி என்ற பேச்சுவழக்கு சீக்கிரம் போகாது. பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான் இந்தச் சலுகை, பெரும்பாலான நிறுவனங்களுக்குக் கொடுத்ததில் பாதித் தொகைக்குத்தான் கிடைக்கும். புதிய முறைக்கு மாறிவிட்டவரிடம் "டாக்ஸ் மிச்சமாகும்" என்று சொல்லிக் கேட்காதீர்கள்.

நிதியாண்டு முடிந்த பின், மே 31 வாக்கில் சான்றிதழ்கள் வரும். ஜூன் முதல் வாரம் உங்கள் பட்டியலை எடுத்து, கிடைக்காதவர்கள் யார் என்று விசாரித்து, அந்தப் பெயர்களை நிறுவனத்துக்கு ஒரே மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள்.