பிஎம்பி தேர்வு: அறுபது அறுபதாகப் பழகுங்கள்

பிஎம்ஐ (Project Management Institute) அமைப்பு நடத்தும், திட்ட மேலாளர்களுக்கான சான்றிதழ்த் தேர்வான பிஎம்பி (PMP) தேர்வுக்குத் தயாராகும் பலர், பாடத்தைப் படிப்பதில் காட்டும் அக்கறையை நேரத்துக்குள் எழுதிப் பழகுவதில் காட்டுவதில்லை. 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த வடிவத்தில் 180 கேள்விகளுக்கு 230 நிமிடங்கள். 60 கேள்விகளுக்குப் பின் ஒன்றும், 120 கேள்விகளுக்குப் பின் ஒன்றுமாக 10 நிமிட இடைவேளைகள் இரண்டு. (வடிவம் அவ்வப்போது மாறுவதால், பதிவு செய்யும் முன் அப்போதைய பாடத்திட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.) இடைவேளைக்குச் சென்றபின் முந்தைய பகுதிக்குத் திரும்ப இயலாது என்பதால், பிறகு பார்க்கலாம் எனக் குறியிட்டவற்றை அதற்குள் முடித்தாக வேண்டும். எனவே, வீட்டிலும் 60 கேள்விகளை 75 நிமிடத்துக்குள், கைபேசியை அணைத்துவிட்டு எழுதிப் பழகுங்கள்.

தவறிய கேள்விகளுக்குத் தனி நோட்டு வையுங்கள். சரியான விடையைவிட, நீங்கள் தேர்ந்த விடை ஏன் பொருந்தவில்லை என்பதையே அதில் எழுதுங்கள். எடுத்துக்காட்டாக, முன்கூட்டியே திட்டமிட்டு நடக்கும் ஒரு பணியின் நடுவில் வாடிக்கையாளர் புதிய வசதி கேட்கிறார், மேலாளர் முதலில் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்விக்கு, அலுவலகப் பழக்கத்தில் ‘மேலதிகாரியிடம் தெரிவிப்பார்’ என்று குறித்துவிடுவோம். ஆனால் செலவிலும் கால அளவிலும் அதன் தாக்கத்தை முதலில் மதிப்பிடுவதே இத்தேர்வு பெரும்பாலும் எதிர்பார்க்கும் விடை. ‘முதலில்’, ‘அடுத்து’ என்ற சொற்களை அடிக்கோடிட்டுப் படிக்காதவர்கள்தாம் இங்கே இடறுகிறார்கள்.