ஓஎல் படிக்கிற பிள்ளையின் குடலையும் கவனியுங்கள்

கிளிநொச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ ரியூசன் விடுகிற நேரம் கடை வாசலைப் பாருங்கள், எல்லார் கையிலும் ரோல்ஸும் சோடாவும்தான். பிறகு பிள்ளை உடம்பு வைக்கிறது, படிப்பில் மனம் நிற்கவில்லை என்று வீட்டில் ஏச்சு. ஏசுவதை விடுங்கள். அதன் பெருங்குடலில் இருக்கிற பற்றீரியாவுக்குச் சாப்பாடு போகிறதா என்று பாருங்கள்.

அவற்றின் சாப்பாடு நார்ச்சத்து. நமக்குச் செரிக்காத நாரை அவை நொதிக்க வைத்து பியூட்டிரேட் போன்ற கொழுப்பமிலங்களாக்குகின்றன, அந்த அமிலங்கள் குடற்சுவரைக் காக்கும், வயிறு நிறைந்தது என்று சொல்கிற ஹோர்மோன்களையும் தூண்டும். குடலிலிருந்து மூளைக்கு வேகஸ் நரம்பு வழியாகவும் செய்தி போகிறது. 2006இல் அமெரிக்காவில் பருத்த எலிகளின் குடல் பற்றீரியாவை, பற்றீரியாவே இல்லாமல் வளர்த்த எலிகளுக்கு மாற்றினார்கள். அவற்றுக்குக் கொழுப்புக் கூடியது. மனிதரிலும் எடையோடும் சிந்தனைத் திறனோடும் தொடர்பு தெரிகிறது, ஆனால் பற்றீரியாதான் காரணம் என்று நிரூபணமாகவில்லை. நியூசிலாந்தில் உடல் பருத்த 87 பதின்ம வயதினரில் ஒரு பகுதியினருக்கு ஆரோக்கியமானவர்களின் குடல் பற்றீரியாவைக் கப்சியூலில் கொடுத்துப் பார்த்தார்கள். 2020இல் முடிவு வந்தது: பற்றீரியா இல்லாத வெறும் கப்சியூல் விழுங்கியவர்களை விட, பற்றீரியா எடுத்தவர்களின் பிஎம்ஐ (உயரத்தோடு ஒப்பிட்ட எடை அளவு) குறையவில்லை. ஆகவே நல்ல பற்றீரியா என்று போத்தலில் விற்கிற புரோபயோட்டிக்கை நம்பிக் காசைக் கொட்டாதீர்கள்.

காலைப் பணிஸுக்குப் பதில் பழஞ்சோறு கொடுங்கள். இரவு மிஞ்சிய சிவப்பரிசிச் சோற்றை ஆறிய கையோடு சுத்தமான மண்சட்டியில் போட்டு, கொதித்தாறிய தண்ணீரை மூடுமளவு ஊற்றி வையுங்கள். சோறு ஆறும்போது மாப்பொருளில் கொஞ்சம் எளிதில் செரிக்காத வகையாக மாறும், அது நேரே பற்றீரியாவுக்குப் போகும். விடியத் திறந்தால் இலேசான புளிப்பு மணம் வர வேண்டும். நூல் மாதிரி இழுபட்டாலோ நாற்றம் அடித்தாலோ யோசிக்காமல் கொட்டி விடுங்கள். சட்டித் தயிர், சின்ன வெங்காயம், பச்சை மிளகாய் போட்டுப் பிசைந்தால் போதும், சீனி வேண்டாம்.

பிடிக்காத பிள்ளைக்குக் குரக்கன் புட்டு. ரியூசனுக்குப் போகும்போது அவித்த கௌபியோ பயறோ ஒரு சின்ன டப்பாவில் கட்டிக் கொடுங்கள், மதியம் முருங்கை இலை வறை. எல்லாவற்றையும் ஒரே நாளில் கூட்டினால் வயிறு ஊதி, பிள்ளை அடுத்த நாளே வேண்டாம் என்றுவிடும், மெல்ல மெல்லக் கூட்டுங்கள், தண்ணீரும் குடிக்க வேண்டும்.

அப்புறம், சாதாரணத் தடிமனுக்கு நீங்களாக அன்ரிபயோட்டிக் வாங்கிக் கொடுக்காதீர்கள், அது தடிமன் வைரசை ஒன்றும் செய்யாது, குடலின் நல்ல பற்றீரியாவைத்தான் கொல்லும். டொக்டர் எழுதித் தந்தது என்றால் சொன்னபடி கொடுங்கள்.